ஏற்கெனவே வென்றுவிட்ட டிராக்டர்

1

இந்தக் கதையை நான் எழுதி முடித்து மூன்று கிழமைக்குப் பிறகுதான் கதை நடந்தது.

மாயமந்திரம் என்று நினைக்கவேண்டாம். லண்டனில் எங்கள் ஆட்கள் விழா மலர் வெளியிடுகிற முறை அப்படி. விழாவிலேயே மலர் கையில் கிடைக்கவேண்டும். அந்த மலருக்குள் விழா வெகு சிறப்பாக நடந்தேறியது என்ற செய்தியும் இருக்கவேண்டும். இரண்டும் கைகூட ஒரே வழி, எழுதுகிறவன் முந்திக்கொள்வது. பத்து வருடமாக முந்திக்கொள்கிறவன் நான்தான். ஊரில் தமிழ் படிப்பித்தவன் என்பதால் எல்லோருக்கும் நான் மாஸ்ரர். இப்போது டூட்டிங்கில் ஒரு பெற்றோல் ஷெட்டின் கல்லாவில் இருக்கிறேன் என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

1994 கோடையில் குலசேகரம் ரெலிபோன் எடுத்தார். ஐக்கிய இராச்சியத் தமிழர் டிராக்டர் இழுவைக் கழகத்தின் தலைவர். அப்படி ஒரு கழகமா என்று கேட்காதீர்கள், வரலாறு பின்னால் வருகிறது.

"மாஸ்ரர், இரண்டு பக்கம் வேணும். வெற்றிச் செய்தி. நான் டிராக்டர் ஓடி வெண்டதாப் போடும்."

"போட்டி முடிஞ்சுதோ?"

"அதுக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. அச்சுக்காரன் வெள்ளிக்கிழமைக்குள்ளை கேக்கிறான்."

எழுதிக் கொடுத்தேன். "தலைவர் அவர்கள் இயந்திரத்தை முடுக்கியபோது வானம்" என்று தொடங்கியது. வானம் என்ன செய்தது என்று யோசிக்க நேரமில்லை. 'அதிர்ந்தது' என்று போட்டேன், வழக்கமாக அதுதான் செய்யும். தலைவர் முழு நூறு மீற்றரும் இழுத்தார். வெள்ளையர்கள் வாயடைத்து நின்றார்கள். கடைசி வரியில், மதிய உணவுப் பொட்டலங்களை மகளிர் அணிப் பொறுப்பாளர் திருமதி தவநாயகி கனகலிங்கம் சிறப்புறக் கவனித்தார். ஐந்நூறு பிரதிகள் அச்சாகின.

அது முதற் கதை. நீங்கள் வாசிப்பது இரண்டாவது. இதைக் குலசேகரம் கேட்கவில்லை. இதற்கு மலரும் இல்லை.

2

தவநாயகியிலிருந்து தொடங்குவதா, டிராக்டரிலிருந்து தொடங்குவதா என்று எனக்குச் சந்தேகம். இலக்கியம் தெரிந்தவன் பெண்ணிலிருந்துதான் தொடங்குவான் என்று நினைத்து, முதல் வரியை இப்படி எழுதினேன்:

"வன்னியின் வயல்வெளியில் தந்தையின் மடியிலிருந்து டிராக்டர் ஓட்டிய அந்தச் சிறுமி, இன்று லண்டன் தோர்ண்டன் ஹீத்தின் பனியில்—"

அவருக்கு ரெலிபோன் எடுத்து வாசித்துக் காட்டினேன்.

"ஆர் மாஸ்ரர் இந்தப் பிள்ளை?"

"நீர்தான்."

"எங்கடை அப்பா தபாற்கந்தோரிலை கிளாக். சைக்கிளிலை ஏறவே அவருக்குப் பயம். நான் டிராக்டரைக் கிட்டப் போய்ப் பார்த்ததே கென்ற்றிலை ஸ்ரோபெரி புடுங்கப் போன நேரம்."

வெட்டினேன். இரண்டாவது முயற்சி:

"சிதைந்து கிடந்த அந்த எஞ்சினில் அவர் தன் சிதைந்த தாயகத்தையே—"

"அது துருப்பிடிச்சுக் கிடந்தது. அவ்வளவுதான்" என்றார் தவநாயகி. அதையும் வெட்டினேன். நல்ல வரி. வேறெங்காவது பாவிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

உண்மை இலக்கியத்துக்கு ஒத்துவராத மாதிரி இருந்தது. தவநாயகி குறொய்டனில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் கணக்குப் பகுதியில் வேலை. 1990ஆம் ஆண்டு மாலை வகுப்பில் கேக் ஐசிங் படிக்கப் பதியப் போனார். எங்கள் பெண்கள் எல்லோரும் அந்த வருடம் கேக் ஐசிங்கில் விழுந்திருந்ததால் வகுப்பு நிரம்பிவிட்டது. பக்கத்து அறையில் எஞ்சின் பராமரிப்பு. இடம் இருந்தது. வெளியே காரில் காத்திருந்த கணவர் கனகலிங்கம், "வந்தது வந்தாச்சு, ஏதாவது ஒண்டைப் படிச்சிட்டு வாருமன்" என்றார். அந்த மனிசனுக்கு அன்றைக்கு நாக்கில் சனி.

(இந்த இடத்தில் வாசகர் ஒருவர், "ஒரு பெண்ணுக்கு இயந்திரத்தில் ஆசை வரக் காரணம் வேண்டாமா?" என்று கேட்பார். ஐசிங்கில் ஆசை வந்தால் காரணம் கேட்டிருப்பீர்களா?)

3

டிராக்டர், சாம்பல் நிறப் பழைய பெர்குசன். தவநாயகியைவிட இரண்டு வயது மூப்பு. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுகிற வகை. ஸ்ரோபெரித் தோட்டத்து மூலையில், சீற்றுக்கு மேலால் முட்செடி வளர்ந்து கிடந்தது. தோட்டக்காரர் தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்தார். ஒரு கூடை ஸ்ரோபெரியோடும் ஒரு டிராக்டரோடும் வீடு திரும்பிய முதல் யாழ்ப்பாணக் குடும்பம் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குப் பின்னாலுள்ள கராஜில் மூன்று குளிர்காலம் வேலை நடந்தது. பிஸ்டன்கள் நான்கும் அசையாமல் இறுகியிருந்தன. டீசல் ஊற்றி ஊறவைத்தார். பிறகு சிலிண்டர் உறைகளோடு சேர்த்தே இழுத்து எடுத்தார். வால்வுகளை அரைக்கும் பசை பூசி, ஒரு தடியில் ஒட்டி, இரண்டு கைக்குள் வைத்து உருட்டி உருட்டித் தேய்த்தார். புதுப் பிஸ்டனில், அதைத் தண்டோடு இணைக்கிற ஊசி ஏறவேண்டுமானால் பிஸ்டனைச் சூடாக்கவேண்டும். வகுப்பில் வெந்நீர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தவநாயகி புட்டுப் பானையை வைத்து ஆவியில் அவித்தார். ஊசி வெண்ணெய்க்குள் போகிற மாதிரிப் போனதாம்.

(அதற்குப் பிறகு அந்தப் பானையில் புட்டு அவித்தார்களா என்று கேட்காதீர்கள். நான் அந்த வீட்டில் புட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.)

எஞ்சின் முதல் தடவை உயிர் வந்து ஓடியபோது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் பொலிசுக்குப் போன் அடித்தார். கனகலிங்கம் கம்பளத்தில் எண்ணெய்க்கால் பதிந்ததைப் பார்த்து அழுதார். தவநாயகியும் அழுதார், ஆனால் கம்பளத்துக்காக இல்லை.

"மாஸ்ரர், எனக்குச் சந்தோசம் தாங்கேலாமல் போச்சு. ஆனா சும்மா நிண்ட இடத்திலை ஓடினா அது எஞ்சின் இல்லை. பாரத்தோடை இழுக்கவேணும். அப்பதான் நான் சேர்த்துப் பூட்டினது சரியோ பிழையோ எண்டு எனக்குத் தெரியும். எனக்கு அது ஒண்டுதான் வேணும். நான் சீற்றிலை இருந்து, நான் இழுக்கவேணும்."

பாரத்தோடு இழுப்பதற்கென்றே இந்த நாட்டில் ஒரு போட்டி இருக்கிறது. பழைய டிராக்டருக்குப் பின்னால் ஒரு சறுக்குவண்டியைக் கட்டிவிடுவார்கள். அதன் மேல் ஒரு பாரப்பெட்டி. வண்டி முன்னே போகப் போக, பெட்டி டிராக்டர் பக்கமாக நகர்ந்து நகர்ந்து அழுத்தும். போகப் போகப் பாரம் கூடும். எங்காவது ஒரு இடத்தில் டிராக்டர் நின்றுவிடும். எவ்வளவு தூரம் போனது என்பதுதான் கணக்கு.

இதைக் கேட்டதும் எனக்கு, "புலம்பெயர்ந்தவனின் வாழ்வும் அப்படித்தானே, போகப் போக" என்று ஒரு வரி வந்தது. நீங்களும் அதைத்தான் நினைத்திருப்பீர்கள். ஆளுக்கு ஒருமுறை நினைத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போவோம்.

4

பிழை விட்டது கனகலிங்கம். டயரும் ரேடியேற்றரும் வாங்க வழி தேடி, ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் குலசேகரத்திடம் வாய் விட்டுவிட்டார். பாயாசம் வருமுன் கழகம் உருவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தலைவர், உபதலைவர்கள் மூவர், செயலாளர், காப்பாளர், போசகர் எல்லோரும் வந்துவிட்டார்கள். எஞ்சினைத் திறந்து பார்த்தவர் ஒருவர்தான். அவருக்கு மகளிர் அணி கிடைத்தது. அணியில் அவர் மட்டும்தான்.

"அப்ப ஓடுறது ஆர்?" என்று தவநாயகி கூட்டத்தில் கேட்டார்.

"தலைவர் ஓடாமல் வேறை ஆர் ஓடுறது, பிள்ளை? போட்டோ எடுப்பாங்கள் எல்லே" என்றார் குலசேகரம்.

தவநாயகி தேத்தண்ணி கொண்டுவர எழும்பிப் போனார்.

உதவி பெருகியது. ஆனால் எங்கள் ஆட்கள் உதவினால் உபயம் என்று பெயர் பொறிக்கவேண்டும். கோயிலில் ரியூப் லைற்றில் வெளிச்சத்தை மறைத்து எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே பித்தளைத் தகடு. ரேடியேற்றருக்கு முன்னால் செபஸ்தியாம்பிள்ளையின் தகடு. எஞ்சினுக்கு ஒரு எண்ணெய்ச் சட்டியைக் கொடுத்தவர், தன் ஊர், பதவி, ஓய்வுபெற்ற திகதி எல்லாவற்றையும் அதில் போடச் சொன்னார். ஒருவர் ஒரே ஒரு ஸ்பாக் பிளக் தந்தார். அவரது தகட்டில் மாமியாரின் நினைவு வரிகள் நான்கு இருந்தன. மாமியார் அப்போது லண்டனின் பார்க்கிங் என்ற ஊரில் உயிரோடு இருந்தார். முன்கூட்டியே எழுதுவதில் நான் மட்டும் ஆளில்லை.

இடது மட்காட்டில் பிள்ளையார். வலது மட்காட்டில் அந்தோனியார். இதற்கு மட்டும் இரண்டு பொதுக்கூட்டம் தேவைப்பட்டது. எஞ்சினை மூடுகிற பொனற்றில் எல்லாவற்றிலும் பெரிய தகடு, தலைவர் குலசேகரம் என்று.

ஒவ்வொரு தகட்டையும் துளை போட்டுப் பூட்டியவர் தவநாயகி. ஒரு முறைகூட முறுமுறுக்கவில்லை. அந்தப் பொறுமையைப் பார்த்து நான், "நிலம் போல் பொறுமை கொண்ட" என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். இப்போது அந்த வரியில் எனக்குப் பலத்த சந்தேகம். காரணம் கடைசியில் வரும்.

5

போட்டி நாள், ஞாயிற்றுக்கிழமை. கென்ற்றில் ஒரு வெட்டவெளி. டூட்டிங்கிலிருந்து ஒரு கோச் பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். றோல்ஸ், பற்றீஸ், சோற்றுப் பார்சல். ஐந்நூறு மலர். ஒரு குத்துவிளக்கு.

குலசேகரம் கோட்டுச் சூட்டோடு, மாலையோடு, சீற்றில் ஏறி இருந்தார். டிராக்டரைத் தராசு மேடையில் ஏற்றினார்கள். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் முள்ளைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார், திரும்ப முள்ளைப் பார்த்தார். இந்த வகுப்புக்கு ஓட்டுகிறவரோடு சேர்த்து ஒரு எடை எல்லை உண்டு. நாற்பது கிலோ கூட. எதையாவது இறக்குங்கள், இல்லாவிட்டால் போட்டியில் இடமில்லை என்றார்.

செயற்குழு அந்த இடத்திலேயே, புல்லில், அவசரமாகக் கூடியது.

"தகடுகளைக் கழட்டினாச் சரி" என்றார் செயலாளர்.

"ஆற்றை தகட்டை?" என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"ரேடியேற்றர் தண்ணியை இறக்குவமோ?"

"இறக்கினாப் பாதி வழியிலை எஞ்சின் இறுகிப்போம்" என்று பார்சல் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து தவநாயகி சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாமியின்ரை தகட்டைக் கழட்டலாந்தானே, அவ உயிரோடைதானே இருக்கிறா."

"உயிரோடை இருக்கிறபடியால்தான் ஏலாது. கழட்டினா அவவுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

தொப்பிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. ஓட்டுகிறவரின் எடையும் சேர்த்தி, மெலிந்த ஆள் ஒருவரும் உங்களிடம் இல்லையா என்று கேட்டார். எல்லாக் கண்ணும் சீற்றுக்குப் போனது.

"நான் காலமை ஒண்டும் சாப்பிடேல்லை" என்றார் குலசேகரம்.

மாலையைக் கழட்டினார். கோட்டைக் கழட்டினார். சப்பாத்தையும் கழட்டி, புல்லில் வைத்தார். முள் மரியாதைக்காகக் கொஞ்சம் அசைந்தது. செயற்குழு தங்களுக்குள் பார்த்தது; எல்லாம் பதவிக்கேற்ற உடம்பு. பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் மெலிந்தவன். கிளச் எந்தக் காலுக்கு என்று கேட்டேன். பார்வையை எடுத்துவிட்டார்கள்.

"நான் ஓடுறன்" என்றார் தவநாயகி.

சோற்றுப் பார்சல் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சோடி பூட்ஸை எடுத்துச் சேலைக்குக் கீழே மாட்டினார்.

குலசேகரம் சீற்றில் இருந்தபடி யோசித்தார். அவருக்கு இரண்டு வழி இருந்தது. தன் தகட்டை முதலில் கழட்டி மற்றவர்களுக்கு வழிகாட்டினால் சீற்றில் இருக்கலாம். அல்லது இறங்கினால் தகடு இருக்கும். அந்த மனிசனின் முகத்தில் அப்படி ஒரு வேதனையை நான் அவரது மகளின் பதிவுத் திருமணத்தில்கூடக் கண்டதில்லை. கையால் பொனற்றுத் தகட்டை ஒருமுறை தடவினார்.

"பேர் இருக்கட்டும்" என்று இறங்கினார். "ஆர் ஓடினாலும் கழகம்தானே ஓடுது. மலரிலை எப்பிடியும் நான்தான்."

தவநாயகி ஏறினார். முள் எல்லைக்குள் வந்து நின்றது. இருபத்தைந்துக்கு மேற்பட்ட பெயர்கள் அந்த டிராக்டரில் இருந்தன, அவருடையது இல்லை.

6

இனித்தான் உச்சக்கட்டம். நீங்கள் காத்திருந்ததும் இதற்குத்தான். நானும் பேனாவைக் கழுவி வைத்திருந்தேன்.

ஆனால் எடைப் பிரச்சினையில் நேரம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் குத்துவிளக்கேற்றி மலரை வெளியிட்டாகவேண்டும். தவநாயகியின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும், குலசேகரம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "எல்லாரும் இஞ்சாலை வாங்கோ, நேரம் போகுது" என்றதும் ஒன்றாக நடந்தன.

"அவ ஓடி முடியட்டுமன்" என்றார் கனகலிங்கம்.

"அது ஓடும். ராகுகாலம் நிக்காது."

கோச்சுக்குப் பின்னால் விளக்கு. வயல்வெளியில் காற்றுக்குச் சொல்லவா வேண்டும். குலசேகரம் தட்டிய தீக்குச்சி எல்லாம் அணைந்தது. "மாஸ்ரர், குடையைப் பிடியும்" என்றார். பிடித்தேன். களம் என் முதுகுக்குப் பின்னால். கனகலிங்கத்தின் கையில் கற்பூரத் தட்டத்தைக் கொடுத்திருந்தார்கள். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார், கோச் மறைத்தது.

அதனால் நான் கேட்டதை மட்டும் எழுதுகிறேன். எஞ்சின் சத்தம் முதலில் இலேசாக இருந்தது. பிறகு பாரம் ஏற ஏறத் தொண்டை கட்டிய மாதிரி இறங்கியது. இறங்கி, அந்த இடத்தில் நின்று பிடித்தது. நிறைய நேரம் பிடித்தது. பித்தளைத் தகடுகள் எல்லாம் கிலுகிலுவென்று அடித்தன. வெள்ளைக்காரர் பக்கத்தில் ஒரு கூச்சல் எழும்பியது. "விடாதை, விடாதை" என்று நான் விளக்கைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன். குலசேகரம் அதைத் திரிக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சத்தம் நின்றது.

திரி பற்றிக்கொண்டது. முதற் பிரதியைச் செபஸ்தியாம்பிள்ளை பெற்றுக்கொண்டார். தலைவர் முழு நூறு மீற்றரும் இழுத்த செய்தியை ஆட்கள் பற்றீஸோடு வாசித்தார்கள். நல்லா எழுதியிருக்கிறீர்கள் மாஸ்ரர் என்றார்கள். நான் குடையை மடக்கிக்கொண்டு ஓடிப் போனபோது, தூரம் எழுதிய கரும்பலகையை அடுத்த டிராக்டருக்காகத் துடைத்துவிட்டிருந்தார்கள். வெற்றிக் கிண்ணம் கொடுக்கிற நேரம் எங்கள் கோச் மெயின் ரோட்டில். ஓட்டுநருக்கு ஷிப்ட் முடிந்துவிட்டது.

7

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) அவர் முழுத் தூரமும் இழுத்தார். குலசேகரத்தின் தகடு கழன்று சேற்றில் விழுந்தது. [தகட்டைப் பூட்டியது தவநாயகி. கழறாது.]

(ஆ) பாதி வழியில் எஞ்சின் நின்றது. அவர் இறங்கி, எஞ்சினில் கை வைத்து, "பரவாயில்லை" என்றார். [இது துக்கமான முடிவுகளுக்குப் பரிசு கொடுக்கிற சஞ்சிகைகளுக்கு.]

(இ) முன்சில்லுகள் நிலத்தைவிட்டு எழும்ப, அந்தக் கணத்தில் அவர்

மூன்றாவது அதற்கு மேல் போகவில்லை. கனகலிங்கத்திடம் போனேன். மனிசன் கம்பளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு ஏதும் சொன்னவவோ?"

"எனக்கும் சொல்லேல்லை, மாஸ்ரர். கேட்டாச் சிரிக்கிறா." பிறகு குரலைத் தணித்தார். "ஆனா ஒண்டு. தகடு அடிக்கக் குடுக்கேக்கை, மெல்லிசாப் போடச் சொல்லித்தான் நான் சொன்னனான். கடைக்காரனுக்குப் பிறகு போன் அடிச்சு, தடிச்ச பித்தளையிலை போடுங்கோ, மெல்லிசு பெரிய மனிசருக்கு மரியாதையில்லை எண்டு சொன்னது எங்கடை தவம்."

நிலம் போல் பொறுமை என்ற வரியை அன்றைக்குத்தான் வெட்டினேன். கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவர் என்று இரண்டாம் பகுதியில் நானே எழுதியிருந்ததையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

தவநாயகிக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"தங்கச்சி, தலைவர் எவ்வளவு நிறை எண்டு உமக்கு முதலே தெரியுமோ?"

"உபயம் தாறன் எண்டு வாறவையை வேண்டாம் எண்டு சொல்ல ஏலுமோ, மாஸ்ரர்?"

"சரி, அதை விடும். எவ்வளவு தூரம் இழுத்தனீர்?"

மறுபக்கத்தில் தவநாயகி சிரித்தார்.

"நீங்கள்தான் ஏற்கெனவே எழுதிப்போட்டியளே."

"அது மலருக்கு. இது கதை. இதிலை உம்மட பேரைத்தான் போடப்போறன்."

"பேர் வேண்டாம். நான் பூட்டினது சரியோ எண்டு பார்க்கத்தான் ஏறினனான். பார்த்திட்டன். எஞ்சின்ரை ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொருத்தர் பேர் போட்டிருக்கினம். அந்தத் தூரத்திலை மட்டும் ஒருதற்றை பேரும் இல்லை. அது என்ரை. அதை விடுங்கோ." பின்னணியில் எங்கோ ஏதோ இரும்பு விழுந்தது. "வைக்கிறன் மாஸ்ரர், அடுப்பிலை பிஸ்டன் கிடக்கு."

இரண்டாவது டிராக்டர் வாங்கிவிட்டார் என்பது எனக்கு அப்படித்தான் தெரியும். கழகத்துக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

தூரம் இல்லாமல் கதையை முடிக்க உங்களுக்கு மனம் வராது, எனக்குத் தெரியும். கீழே இடம் விட்டிருக்கிறேன். அந்தச் சத்தம் எவ்வளவு நேரம் நின்று பிடித்தது என்று சொல்லியிருக்கிறேன், கணக்குப் பார்த்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

................ மீற்றர்.

பென்சிலால் எழுதுங்கள். அவர் வந்து பார்த்தால் அழிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.